அத்தானின் டப்பாக்கள்

என் பொண்ணு ரெண்டு வருஷம் மத்தியானத்துல படுத்துத் தூங்கின தரை ஒண்ணு இருக்கு. அந்த மாதிரித் தரைக்கு அடியில இருந்து என்ன வருதுன்னு பார்த்துச் சொல்றதுதான் எங்க அத்தானோட உத்தியோகம். நடந்ததைச் சுருக்கமாச் சொல்லணும்னா இந்த ரெண்டு வரியே போதும். ஆனா சுருக்கமாச் சொன்னா எனக்கு மனசு ஆறாது. அதனால முதல்ல இருந்தே சொல்றேன், கேளுங்க.

அத்தான்னா என் அக்காவோட வீட்டுக்காரர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய் ரேடான் இருக்கான்னு சோதிக்கிற வேலை. ரேடான்கிறது ஒரு வாயு. பாறையில இருந்து மண்ணு வழியா தானாக் கசிஞ்சு மேல வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, தொண்டை கமறாது. வெட்டவெளியில வந்துச்சுன்னா காத்தோட கலந்து போயிடும், பெருசா ஒண்ணும் பண்ணாது. அதுவே தரையில ஒரு விரிசல் கிடைச்சு, மூடின ரூமுக்குள்ள வந்து தங்கிடுச்சுன்னா, அங்க இருக்கிறவங்க வருஷக்கணக்கா மூச்சோட அதை இழுக்கணும். என்னைக்கோ ஒரு நாள் அது நுரையீரல்ல புத்துநோயா வந்து நிக்கும். எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும்னும் யாராலயும் சொல்ல முடியாது. திருடன் வந்தா நாயாவது குரைக்கும், இதுக்கு அதுகூடக் கிடையாது.

முதல் முதலா அத்தான் எங்க வீட்டுக்கு வந்தப்போ நாற்காலி நுனியில உட்கார்ந்து தரையையே பார்த்துக்கிட்டு இருந்தார். "எவ்வளவு அடக்கமான பிள்ளை, நிமிர்ந்துகூடப் பார்க்கல"ன்னு எங்கம்மா பூரிச்சுப் போனாங்க. அக்காவுக்கும் அந்த வெட்கம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கிளம்பும்போதுதான் மனுஷன் வாயைத் திறந்தார். "அந்த மூலையில தரை விட்டிருக்கு, சிமென்ட் வச்சுப் பூசிடுங்க"ன்னார். அடக்கமாம், வெட்கமாம்! வந்து உட்கார்ந்த நேரமெல்லாம் விரிசல் தேடியிருக்கார். அதுக்கப்புறமும் கட்டினா இவரைத்தான் கட்டுவேன்னு நின்னா எங்கக்கா.

நல்ல மனுஷன்தான், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா வீட்ல வாயில பூட்டு. வேலையைப் பத்திக் கேட்டா "ம்"னு ஒரு சத்தம் வரும், அதோட சரி. இன்னொரு குணம், எதையும் மூட மாட்டார். பேஸ்ட் மூடி ஒரு பக்கம், பேஸ்ட் ஒரு பக்கம். அலமாரி வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கும். சர்க்கரை டப்பாவுல எறும்பு ஊர்வலம் போகும். குழாய் சொட்டும். அக்கா பின்னாலயே போய் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வருவா. "நான் இல்லைன்னா இந்த மனுஷன் தன் தலையைக்கூடத் திறந்து போட்டுட்டுப் போயிடுவார்"னு சிரிப்பா. அத்தான் திறப்பார், அக்கா மூடுவா. அவங்க குடித்தனமே அதுதான். அவரை விட்டுக் கொடுத்து ஒரு வார்த்தை வெளியில பேச மாட்டா. அவர் மறதியை எங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்லை.

அவர் மூடி வைக்கிற ஒரே சாமான், சோதனைக்குக் கொண்டு போற டப்பாதான். உள்ளங்கை அகலத்துல வட்டமா, ஷூ பாலிஷ் டப்பாவோட அண்ணன் மாதிரி இருக்கும். உள்ளே கரித்தூள். மூடியைச் சுத்தி டேப் ஒட்டியிருக்கும். படிக்கட்டுக்கு அடியில அட்டைப்பெட்டியில அடுக்கி வச்சிருப்பார்.

நான் மாசமா இருந்த சமயம். கண்டதுக்கெல்லாம் வாய் ஊறிக்கிட்டு இருந்த நேரம். அக்கா வீட்டுக்குப் போன இடத்துல அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஏதோ பிஸ்கட் டப்பா போல, எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு ஒண்ணை எடுத்து டேப்பைப் பிச்சேன். அவ்வளவுதான். வாயில்லாப் பூச்சின்னு நினைச்சிருந்த மனுஷன் வீடே அதிர்ற மாதிரி கத்தினார். "மூடு! மூடு! காத்து பட்டா போச்சு! எல்லாம் போச்சு!" என் கையில இருந்து பிடுங்கி மூடி, அதைத் தூக்கித் தனியா வச்சுட்டு வெளியே போயிட்டார். நான் அழுதேன். அக்காவுக்கு அவர் கத்தினதைவிட, ஏன் கத்தினார்னு புரியாததுதான் பயம். அன்னையில இருந்து அந்தப் பெட்டியைக் கடக்கிறப்போ எல்லாம் ஒரு டப்பாவாவது திறந்திருக்கான்னு குனிஞ்சு பார்த்துட்டுத்தான் போவா. அவராவது வந்து "இதோ பாரு, இது இப்படி, இதுக்காகத்தான் சொன்னேன்"னு விளக்கியிருக்கலாம். அதுக்குத்தான் வாய் வேணுமே.

அக்கா வேலை பார்த்தது சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல. கட்டடம் சரிவுல இருக்கு. ரோட்டுப் பக்கம் நின்னு பார்த்தா அக்காவோட ரூம் தரையோட தரையா வெளிச்சமா இருக்கும். பின்பக்கம் போனீங்கன்னா ஜன்னல்ல பாதி வரைக்கும் மண்ணு. அந்தக் கட்டடத்துலயே மண்ணுக்குள்ள பாதி புதைஞ்ச ரூம் அது ஒண்ணுதான். உள்ளே போனா மழை பெஞ்ச மறுநாள் வாடை எப்பவும் இருக்கும். சுவரோரமா, தண்ணிக் குழாய் தரைக்குள்ள இறங்குற இடத்துல இருந்து ஒரு விரிசல் கிளம்பி ரூமோட நடு வரைக்கும் வரும். பிள்ளைங்க அதுக்கு எறும்பு ரோடுன்னு பேர் வச்சிருந்துதுங்க. சுவர் பூரா அக்கா வெட்டி ஒட்டின காகித மீனுங்க. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பிள்ளையோட முகம்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு டப்பா வைக்கிற முறை வந்துச்சு. சுத்துவட்டாரத்துல அத்தான் ஒருத்தர்தான், அதனால அவரே போனார். முதல் நாளே டீச்சருங்க எல்லாரையும் கூட்டி வச்சு, என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு விளக்கினாராம். அக்கா மட்டும் அந்தக் கூட்டத்துக்குப் போகல. "என் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்க நான் மீட்டிங் வேற வரணுமா? வீட்லயே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு"ன்னு சொல்லிட்டு, மீன் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கா. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. வீட்ல அவர் பேசுற லட்சணம் எனக்குத்தானே தெரியும்! ஆனா புருஷன் தன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவார்னு நாலு பேர் நினைக்கிறதுல அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். எந்தப் பொண்டாட்டிக்குத்தான் இல்லை?

பிள்ளைங்க போன பிறகு ஒரு சாயங்காலம் ஒவ்வொரு ரூம்லயும் ஒரு டப்பா வச்சார். சொன்ன நாள்ல பள்ளிக்கூடத்து ஆயா ஒரு கூடையோட வந்து எல்லா டப்பாவையும் வாங்கிட்டுப் போனாங்க. அது எங்கேயோ இருக்கிற ஆய்வுக்கூடத்துக்குப் போச்சு. பதில் வந்தப்போ மேல் ரூம்ல எல்லாம் சாதாரண அளவு. அக்கா ரூம்லதான் எல்லாத்தையும்விடக் கம்மி.

பெரிய டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கல. இவ்வளவு சுத்தமான ரூமை வச்சுக்கிட்டா நாம பிள்ளைங்களை மாடியில தூங்க வைக்கிறோம்னு, மத்தியானத் தூக்கத்துக்கு எல்லாப் பிள்ளைங்களையும் அங்கேயே படுக்க வைக்கச் சொல்லிட்டாங்க. குளிர் வரக் கூடாதுன்னு ஜன்னல் சந்துல எல்லாம் ரப்பர் அடைச்சாங்க. ஒரு துளி வெளிக்காத்து உள்ளே வராது. அந்த வருஷம்தான் என் பொண்ணையும் அங்க சேர்த்தேன். எனக்கென்ன, துணி தேய்ச்சுக் கொடுக்கிற கடை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவர், மாசத்துல பாதி நாள் வீட்ல இருக்க மாட்டார். பிள்ளை பெரியம்மா மடியில இருக்குன்னு நிம்மதியா இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அத்தான் மட்டும் சந்தோஷப்படல. பதில் வந்த அன்னைக்கு அவங்க வீட்ல நானும் இருந்தேன். ஏதோ யோசனையா இருந்தவர், "உன் ரூமுக்கு வந்த அளவு ரொம்ப நல்லா இருக்கு"ன்னார் அக்காகிட்ட.

"நல்லா இருந்தா நல்லதுதானே, அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போடுறீங்க?"ன்னு நான் கேட்டேன்.

"இவ்வளவு நல்லா இருக்கக் கூடாது. மண்ணுக்குள்ள இருக்கிற ரூம். வெளிக்காத்துல இருக்கிறதைவிடக் கம்மியா வந்திருக்கு."

அப்புறம் அக்காவைப் பார்த்துக் கேட்டார். "டப்பாவை யாராவது எடுத்தாங்களா? பிள்ளைங்க யாராவது?"

"என் ரூம்லயா? நான் இருக்கும்போதா?" அக்காவுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "உங்க டப்பாவை ஒரு கை தொட விடுவேனா நான்?"

அதோட முடிஞ்சுது. மேலதிகாரிகிட்ட மறுபடியும் சோதிக்கலாமான்னு கேட்டிருக்கார். "அளவு அதிகமா வந்தா மறுபடியும் பார்ப்போம். கம்மியா வந்ததுக்கு யாராவது மறுபடியும் பார்ப்பாங்களாய்யா? உங்க வீட்டம்மா ரூம்னு உங்களுக்குத் தூக்கம் வரலையா?"ன்னு அவர் சிரிச்சிருக்கார். கூட இருந்தவங்களும் சிரிச்சிருக்காங்க. இவர் திரும்பி வந்துட்டார். உத்தரவு இல்லாம ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார் அத்தான். அவ்வளவு ஒழுங்கு! அந்த ஒழுங்கை நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ரெண்டு வருஷம் ஓடிப் போச்சு.

ஒரு லீவு நாள், அக்கா வீட்ல எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் பொண்ணு பருக்கையைப் பிசைஞ்சுக்கிட்டே, "பெரியம்மா ரூம்ல தரை ஊதும்"னா.

"தரை ஊதுமா? எப்படி, பலூனா ஊதும்?"னு நான் கேட்டேன். அக்கா சிரிச்சா.

"இல்ல. இங்க ஊதும்." கன்னத்தைத் தொட்டுக் காட்டினா. "நான் எறும்பு ரோட்டுகிட்டதான் படுப்பேன். காதை வச்சுப் படுத்தா ஜில்லுன்னு ஊதும். உஸ்ஸுன்னு."

நாங்க சிரிச்சோம். அத்தான் கை சோத்துலயே நின்னுடுச்சு. "தினமும் அங்கேயா படுப்பே?"ன்னு கேட்டார். அவ தலையை ஆட்டினா. "அது என் இடம். வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

அவர் பாதிச் சாப்பாட்டுல எழுந்து கையைக் கழுவினார். கூடத்துல மண்டி போட்டு, சுவரோரமாத் தரையில உள்ளங்கையை வச்சுப் பார்த்துக்கிட்டே நகர்ந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஊருக்கெல்லாம் டப்பா வைக்கிறீங்க, சொந்த வீட்டுக்கு என்னைக்காவது வச்சீங்களா? ஊருக்குத்தான் உபதேசம் போல"ன்னேன்.

அவர் எழுந்து நேராப் போனார். படிக்கட்டுக்கு அடியில இருந்து ஒரு டப்பாவை எடுத்தார். டேப்பைக் கத்திரிச்சார். மூடியைத் திறந்து, மூச்சு விடுற உயரத்துக்கு இருந்த புத்தக அலமாரித் தட்டுல வச்சார். மூடியைப் பக்கத்துல வச்சார். டேப் உருளையை அதுக்குப் பக்கத்துல வச்சார். நேரம் எழுதப் பேனா எடுக்கணும்னு வாசல்ல நின்ன வண்டிக்குப் போனார். நான் சமையல் ரூமுக்குப் பாத்திரம் எடுத்துட்டுப் போனேன். பொண்ணு கூடத்துத் தரையில குப்புறப் படுத்துப் படம் போட ஆரம்பிச்சா. அக்கா மேசையைத் துடைச்சுக்கிட்டு இருந்தா.

திரும்பி வந்தவர் அலமாரி முன்னால அப்படியே நின்னுட்டார். டப்பா மூடியிருந்துச்சு. சுத்தி டேப் ஒட்டியிருந்துச்சு, ஒரு சுருக்கம் இல்லாம.

என்னைக் கூப்பிட்டார். "நீதானே?"

"நானா? நான் ஏங்க உங்க கரி டப்பாவைத் தொடப் போறேன்? ஒரு தடவை பட்டது போதாதா? வீட்ல எது நடந்தாலும் என் தலையிலயே..."ன்னு நான் ஆரம்பிச்சுட்டேன்.

"அவளை ஏன் திட்டுறீங்க, நான்தான் மூடினேன்"னு அக்கா துணியை உதறிக்கிட்டே வந்தா. முகத்துல அந்தச் சிரிப்பு, பேஸ்ட் மூடியைத் தேடி எடுத்து மூடும்போது வர்ற சிரிப்பு. "வழக்கம்போலத் திறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க. உங்களுக்கு இது என்ன புதுசா? பள்ளிக்கூடத்துலயும் அன்னைக்கு இதேதானே பண்ணீங்க. ரூமைப் பூட்டலாம்னு வர்றேன், டப்பா ஆன்னு கிடக்கு. நாலு டீச்சருங்க பார்த்தா என்ன சொல்லுவாங்க, ஊருக்கே சொல்லிக் கொடுக்க வந்தவர் தன் டப்பாவையே மூட மறந்துட்டார்னு சிரிக்க மாட்டாங்களா? நீங்க அடுத்த ரூமுக்குள்ள நுழைஞ்சதும் நான் மூடி டேப் ஒட்டிட்டேன். உங்க மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல."

அத்தான் சுவரைப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் மெதுவா அப்படியே தரையில உட்கார்ந்துட்டார்.

"என்னங்க?"ன்னா அக்கா. "என்ன ஆச்சு?"

"அது திறந்துதான் இருக்கணும்." குரல் எங்கேயோ இருந்து வந்துச்சு. "திறந்து வச்சாத்தான் கரி காத்துல இருக்கிறதைப் பிடிக்கும். வைக்கிற வரைக்கும் மூடியிருக்கணும், எடுத்ததும் மூடணும். நடுவுல திறந்துதான் இருக்கணும். அதுக்குத்தானே அதை வைக்கிறதே."

"பின்னே காத்து பட்டா போச்சுன்னு கத்தினீங்களே?"

அவர் அலமாரியில இருந்த டப்பாவையே பார்த்தார்.

"அன்னைக்கு அவ திறந்ததும் அந்தக் கத்து கத்தினீங்களேங்க! எல்லாம் போச்சுன்னு!" அக்கா அவர் எதிர்ல வந்து உட்கார்ந்தா. "எனக்கு வேற என்ன சொன்னீங்க? நீங்க எனக்கு வேற ஒண்ணுமே சொல்லலையே!"

"ஒரு டப்பாவைத் திறக்காமலே சேர்த்து அனுப்புவோம். ஆய்வுக்கூடம் சரியாப் பார்க்குதான்னு தெரிஞ்சுக்க"ன்னார் அத்தான், யாரையும் பார்க்காம. "உன் ரூமுக்கு வந்த அளவும் அந்தத் திறக்காத டப்பாவுக்கு வந்த அளவும் ஒண்ணா இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு, ஆய்வுக்கூடத்துல மாத்திப் பார்த்திருப்பாங்கன்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கிறதையே விட்டுட்டேன்."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த ரூமை இதுவரைக்கும் யாருமே சோதிச்சதில்லை. திரும்பிப் பார்த்தேன். என் பொண்ணு தரையில கன்னத்தை வச்சுப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, தான் போட்ட கோடு நேரா இருக்கான்னு பார்த்துக்கிட்டு இருந்தா. ஒரே பாய்ச்சலா ஓடிப் போய் வாரித் தூக்கினேன். பென்சில் உருண்டு எங்கேயோ போச்சு. "என்னம்மா?"ன்னு கேட்டா. நான் அவ கன்னத்தை முந்தானையால அழுத்தித் துடைச்சேன்.

லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு அத்தான் யாரோட உத்தரவையும் கேட்கல. அலுவலகத்துல பூட்டியிருந்த மெஷினை எடுத்துட்டு வந்துட்டார். டப்பா மாதிரி இல்லை அது, உட்கார்ந்த இடத்துலயே எண் காட்டும். முதல்ல பிள்ளைங்க எல்லாரையும் மைதானத்துக்கு அனுப்பினார். பெரிய டீச்சர் ஓடி வந்து, இது என்ன அராஜகம்னு கேட்டாங்க. "நீங்க போலீஸைக் கூப்பிட்டாலும் சரி, பிள்ளைங்க உள்ளே வரக் கூடாது"ன்னார். அத்தான் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கடையைப் பூட்டிட்டு நானும் வந்திருந்தேன். ரப்பர் அடைச்ச ஜன்னலுக்கு வெளியே நானும் அக்காவும் நின்னோம். அவர் உள்ளே அந்தக் குட்டி நாற்காலி ஒண்ணுல முட்டி மடங்க உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கிட்டு இருந்தார். சுத்திச் சுவர் பூரா காகித மீனுங்க.

நேரம் போகப் போக அவர் தோள் இறங்கிக்கிட்டே வந்துச்சு. எண் எனக்குத் தெரியல. எனக்கு அது தெரியவும் வேணாம். அக்கா என் கையைப் பிடிச்சிருந்தா. நான் உருவிக்கிட்டேன். செஞ்சிருக்கக் கூடாதுதான். ஆனா அந்த நிமிஷம் எனக்கு அவமேல இருந்த கோவம் அப்படி.

அவர் வெளியே வந்தார். ஒரு அளவுக்கு மேல வந்தா ஏதாவது செஞ்சே ஆகணும்னு கோடு ஒண்ணு வச்சிருக்காங்களாம். "கோட்டுக்கு மேலயா?"ன்னு பெரிய டீச்சர் கேட்டாங்க.

"கோடு கீழ எங்கேயோ இருக்கு"ன்னார்.

ரூமைப் பூட்டினாங்க. பெத்தவங்களுக்குக் கடுதாசி போட்டுக்கலாம்னு அலுவலகத்துல சொன்னாங்களாம். அத்தான் கேட்கல. நானே போய்ச் சொல்றேன்னு வீடு வீடா ஏறி இறங்கினார். அந்த ரூம்ல படிச்ச பிள்ளைங்க, தூங்கின பிள்ளைங்க, வேற பள்ளிக்கூடம் மாறிப் போன பிள்ளைங்க, ஒரு வீட்டையும் விடல. சில வீட்ல உட்கார வச்சுக் கேட்டாங்க. சில வீட்ல சட்டையைப் பிடிச்சாங்க. மூடினது யாருன்னு கேட்டவங்களுக்கு, "நான் சரியாச் சொல்லிக் கொடுக்கல"ன்னு மட்டும் சொல்லியிருக்கார். ஆனா ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் கடைக்குத் துணி கொடுக்க வந்த ஒருத்தி, மூட்டையைப் பிரிக்காமலே, "உங்க அக்காதானேம்மா?"ன்னு கேட்டுட்டு மூட்டையோட திரும்பிப் போயிட்டா.

கடைசியா என் கடைக்கும் வந்தார். வாடிக்கைக்காரங்க நிக்கிற இடத்துல, மேசைக்கு அந்தப் பக்கம் நின்னார். அன்னைக்கு எத்தனை வீடு ஏறினாரோ, கண்ணு உள்ளே போயிருந்துச்சு. என் முகத்தைப் பார்க்காமலே ஆரம்பிச்சார். "வணக்கம். உங்க பொண்ணு படிச்ச ரூம்ல..."

அங்கேயே நின்னுடுச்சு பேச்சு. எல்லா வீட்லயும் சொல்லிச் சொல்லி வாய் தானா ஓடியிருக்கு. நிமிர்ந்து பார்த்தார். என்னை அவர் "உங்க"ன்னு சொன்னது அன்னைக்குத்தான் முதல் தடவை. நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வச்சேன். இல்லைன்னா கையில இருந்த சட்டை கருகியிருக்கும்.

"சொல்லுங்க. எல்லார் வீட்லயும் சொன்னதை எனக்கும் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க"ன்னேன்.

சொன்னார். ஒரு வார்த்தை குறைக்காம முழுசாச் சொன்னார். முடிச்சுட்டு அழுதார். நானும்தான்.

டாக்டர் பொண்ணைப் பார்த்தார். நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். "இப்போதைக்கு ஒண்ணும் இல்லைம்மா. இதெல்லாம் தெரிய வருஷக்கணக்காகும். அநேகமா ஒண்ணும் ஆகாது. பெரியவளானதும் சிகரெட் பக்கம் மட்டும் போக விடாதீங்க"ன்னார். நல்ல டாக்டர்தான், பொய் சொல்லல. ஆனா இப்போதைக்கு, அநேகமா, இந்த ரெண்டு வார்த்தையை வச்சுக்கிட்டு ஒரு பிள்ளையை எப்படி வளர்க்கிறது? அவ வளர்ந்து, படிச்சு, எனக்கு நரை விழுந்து, அப்பவும் அந்த ரெண்டு வார்த்தையும் என்கூடவே இருக்கும்.

பள்ளிக்கூடத்துல தரையைக் குடைஞ்சு குழாய் இறக்கி, மண்ணுக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி மேல அனுப்ப கூரையில விசிறி வச்சிட்டாங்க. எறும்பு ரோட்டைப் பூசிட்டாங்க. இப்ப அந்த ரூம் சுத்தமாம். நிஜமாவே சுத்தம், அத்தான் தன் கையால பார்த்திருக்கார். அந்த வழியாப் போனா கூரையில விசிறி ஓயாம ஓடுற சத்தம் கேட்கும். பிள்ளைங்க திரும்பப் போயிடுச்சுங்க. அக்கா போகல, வேலையை விட்டுட்டா. அந்த ரூம்ல எல்லாரையும்விட அதிக வருஷம் இருந்தவ அவதான். ஆனா டாக்டர்கிட்ட வான்னு கூப்பிட்டா வரவே மாட்டேங்கிறா.

ரொம்ப நாள் நான் அவகூடப் பேசல. கோவத்தை யார்மேல வைக்கிறதுன்னு தெரியாமத்தான். புருஷன் மானம் போகக் கூடாதுன்னு ஒரு மூடியைப் போட்டா. அதுக்கு என்ன தண்டனை கொடுக்கிறது? கடைசியில பொண்ணுதான் பெரியம்மா பெரியம்மான்னு அரிச்செடுத்தா. கூட்டிக்கிட்டுப் போனேன்.

வீடு வழக்கம்போலத்தான் இருந்துச்சு. ஆனா அலமாரி எல்லாம் திறந்து கிடந்துச்சு. சர்க்கரை டப்பா திறந்திருந்துச்சு. பால் பாத்திரம், தண்ணிப் பானை, மாவு டப்பா, ஒண்ணுக்கும் மூடி இல்லை. மூடிங்க எல்லாம் ஒரு மூலையில ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கியிருந்துச்சு. அக்கா அந்தப் பக்கமே திரும்பல. அத்தான்தான் சத்தம் காட்டாமப் போய் ஒவ்வொண்ணா எடுத்து மூடிக்கிட்டு வந்தார். ஒண்ணை அவர் மூடினா, அக்கா போற போக்குல இன்னொண்ணைத் திறந்து வச்சுட்டுப் போனா.

நாங்க மூணு பேரும் மேசையில உட்கார்ந்தோம். பொண்ணு பானையில தண்ணி எடுத்துக் குடிச்சுக்கிட்டே, நல்ல பழக்கம்னு நான் சொல்லிக் கொடுத்த மாதிரி, மூடியை எடுத்துப் பானையை மூடப் போனா.

"மூடாதே!"ன்னு அக்கா கத்தினா. அத்தான் அன்னைக்குக் கத்தின அதே கத்தல்.

பிள்ளை தூக்கி வாரிப் போட்டு, குடிச்ச தண்ணி புரை ஏறி இரும ஆரம்பிச்சா. கண்ணுல தண்ணி வர இருமினா. பிள்ளைக்குப் புரை ஏறினா உச்சந்தலையைத் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்க"ன்னு சொல்லுவோம். எங்கம்மா சொல்லுவாங்க, அக்காவே ஆயிரம் தடவை சொல்லியிருக்கா. அன்னைக்கு அக்கா கை தலையைத் தட்டப் பாதி தூரம் வந்து அந்தரத்துல நின்னுடுச்சு. அத்தான் தரையைப் பார்த்தார். நான் இருமலை எண்ணிக்கிட்டு இருந்தேன்.

இருமல் நின்னுச்சு. பொண்ணு வாயைத் துடைச்சுக்கிட்டு எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

"யாரு நினைச்சாங்கன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க?"ன்னு கேட்டா.